கேட் பாஸ் இல்லாத பாட்டில்

அதெல்லாம் முடியாது தம்பி. பாஸ் இல்லாம உள்ள விட மாட்டேன். புள்ளைக்கும் பாஸ் வேணும். ஆமா, ஏழு மாசப் புள்ளதான். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. ஆளுன்னா ஆளுதான்.

எச்.ஆர். மேடத்துக்கு போன் போட்டாச்சி. எடுக்கல. மீட்டிங்காம். அதுவரைக்கும் இப்பிடி நெழல்ல நில்லு. கத்துனா கத்தட்டும். நான் இன்னா பண்றது?

கோலியனூர்லருந்து பைக்குலயா வந்த? இந்த வெயில்லயா? திண்டிவனம் இன்னா பக்கத்துத் தெருவா? சரி, சரி... மொறைக்காத.

உள்ள ரூம் இருக்குதுப்பா. பால் குடுக்கறதுக்குன்னே தனி ரூம். சேரு, ஸ்கிரீனு, சின்னதா ஒரு ஃப்ரிட்ஜி. பால எடுத்து பாட்டில்ல வெச்சிட்டு, சாயங்காலம் வூட்டுக்கு எடுத்துக்கினு போவலாம். ரிப்பன்லாம் வெட்டித் தொறந்தாங்க. ஒருத்தி போவணுமே! பாத்ரூம்ல நின்னு பீச்சி ஊத்திட்டு வந்து தைக்கறாளுங்க. பேஜாரு.

வெக்கம்னு மேடம் சொல்லுது. ஸ்கிரீன் கலர் புடிக்கலன்னு நான் நெனச்சேன்.

உன் சம்சாரம் அஸ்வினி மட்டும்தான் போச்சி. லீவு முடிஞ்சி வந்த நாள்லருந்து, தெனம். நல்ல பொண்ணு. இத்தினி நாளு சாயங்காலம் கேட்டுல வேற ஆளு. நேத்து நான் நிக்கறேன், பையில பாட்டில வெச்சிக்கினு வருது. தொறந்து பாத்தேன். பாக்காம? முப்பது வருசம் சர்க்கரை ஆலை கேட்டுல நின்னவன் நானு. மேனேஜர் டிபன் பாக்ஸயே தொறந்து பாத்தவன். இங்கருந்து எது வெளிய போனாலும் கேட் பாஸ் வேணும். நூலா, பட்டனா, கிழிஞ்ச துணியா... எதுவானாலும். பொருள் பேரு, அளவு, திரும்பி வருமா வராதா, சூப்பர்வைசர் கையெழுத்து.

"தாத்தா, இது என் பாலு"ன்னுது.

உன் பாலுதாம்மா. எடுத்த எடம் கம்பெனி, வெச்ச ஃப்ரிட்ஜி கம்பெனி. பாஸ் வாங்கிக்கினு வான்னேன்.

சூப்பர்வைசரு வெங்கடாசலம். அந்தாளுகிட்ட போயி, தாய்ப்பாலு, திரும்பி வராதுன்னு எழுதிக் கையெழுத்துக் கேக்குமா அது? கேக்கல. பஸ்சுக்காரன் வேற ஹாரன் அடிக்கறான். பாட்டில இங்க வெச்சிட்டு ஓடிச்சி. அதான்... அந்த ஜன்னல்ல இருக்குது பாரு. காலைல பாத்தேன், திரிஞ்சி போச்சி.

இன்னிக்கிப் பகலுக்கு வெச்சிருந்த பாலு போலருக்குது. பவுடர் பாலத் துப்புதாமே உன் புள்ள.

முன்ன தமிழ்மணின்னு ஒரு பொண்ணு. அதும் பாட்டிலயும் நிறுத்தினேன். அந்த மாசமே வேலைய வுட்டுட்டுப் போயிடுச்சி. அதுக்கப்பறந்தான் அந்த ரூமுக்கு யாரும்...

ம்.

அஸ்வினியும் காலைல சொல்லிச்சி. நாளையோட நின்னுடறேன் தாத்தான்னு. நாலு வருச வேல. ஏன்னு நானும் கேக்கல.

இரு. பாஸு நானே எழுதறேன். கையெழுத்தும் போட்டுடறேன், யாரு கேக்கப் போறா. பேனா எங்க... இங்கதான வெச்சேன். உன் பேரு இன்னா சொன்ன? பிரவீன்குமாரா? புள்ள பேரு? எதுக்கு உள்ள போறன்னு ஒரு கட்டம் இருக்குது... சாப்பாட்டுக்குன்னு போட்டுக்கறேன். தம்பி, புள்ள பேரக் கேட்டேனே...

தம்பி?

ஏய்! அந்தப் பக்கம் குடோனு! தையல் ஹாலு வலது பக்கம்! மூணாவது வரிசை! நீ கூப்புடாத, மிஷின் சத்தத்துல கேக்காது. புள்ளய அழ விடு. அது அஸ்வினிக்குக் கேக்கும்!