கம்பி இல்லாத வழி

ராத்திரி மணி ஏழு இருக்கும். சாரல் பிடித்துக்கொண்ட நேரம்... கடையம் ரோட்டில் ஈ காக்கை இல்லை. நம்ம தெரு நல்லக்கண்ணுவின் மச்சான் குற்றாலிங்கம், நனைந்த சைக்கிளை மில் வாசலில் நிறுத்தினான். அங்கே அவன் எலக்ட்ரீஷியன். எண்பத்தாறில் நடந்தது இது.

அந்த நூல் மில்லில் டிரைவர் இல்லாத வண்டிகள் இரண்டு இருந்தன. தரைக்குள் கம்பி புதைத்திருக்கும். அதில் ஓடும் கரண்டைப் பிடித்துக்கொண்டே வண்டி நூல் பெட்டிகளைச் சுமந்து போகும். எது முன்னால், எது பின்னால் என்பதை ஆபீசில் ஒரு மிஷின் முடிவு செய்யும். வழிகள் சேருகிற முக்கில் ஒன்று நின்று மற்றதற்கு வழிவிடும். ஆள் மேல் முகப்பு ரப்பர் பட்டாலும் நின்றுவிடும்.

அடிக்கடி நின்றதால் வேலை பிந்தியது.

"அந்த ரப்பர் கனெக்சனைக் கழத்தி விட்ரும்வே. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மேனேஜர்.

குற்றாலிங்கம் கழற்றினான். மறுவாரமே, கிளை வழியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த தொழிலாளி ரத்தினத்தை ஒரு வண்டி சுவரோடு நசுக்கிவிட்டது.

அந்த வண்டியைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார்கள். மிச்சம் ஒன்றுதான். ஆனாலும் அது தினமும் முக்கில் நின்றது... எதற்கோ வழிவிட்டு, பிறகு கிளம்பியது. அதைச் சரி செய்யத்தான் குற்றாலிங்கம் வந்திருந்தான்.

வாசலில் காவலுக்கு இருந்த மசூது பாய் தடுத்தார். "தனியா எதுக்குப்பா போற? வெளிச்சத்துல பாத்தா ஆவாதா?"

"இன்னைக்கே முடிச்சிருதேன் பாய்."

ஷிப்ட் முடிந்து உள்ளே யாருமில்லை. கிளையில் இன்னொரு வண்டி வருவதாக மிஷின் ஏமாறக் கூடாதென்று, கிளைக் கம்பியைத் தரையிலிருந்து உருவி எறிந்தான். வண்டியை ஓட விட்டான். ம்ம்ம்... என்று வந்தது. முக்கில் நின்றது. கூரைத் தகரத்தில் மழை. பஞ்சு வாடையோடு, ஈர இரும்பு மாதிரி ஒரு நெடி.

வண்டி கிளம்பியது. நேரே போகவில்லை... கம்பியே இல்லாத கிளைக்குள் திரும்பியது. பதறிப்போய் ஸ்விட்சை அணைத்தான். நிற்கவில்லை.

ரத்தினம் செத்த சுவரோரம் போய் நின்றது. பெட்டி ஏற்றாத வெறும் தட்டு... கிறீச்சென்று கீழே அமிழ்ந்தது. ஓர் ஆள் பாரத்துக்கு.

பிறகு அவனை நோக்கி வந்தது. முதுகு சுவரில் முட்ட, ஒடுங்கி நின்றான். முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. கீ... கீ... சரக்கை இறக்கச் சொல்லும் சத்தம்.

"ரத்தினம்ணே... மேனேஜரு சொன்னாருன்னுதான் கழத்துனேன்."

சத்தம் நின்றது.

அவன் எதையும் தொடவில்லை. தட்டு மட்டும், பாரம் இறங்கியதுபோல், மெல்ல மேலே எழும்பியது.