அக்கா கொடுத்த பவர்

டீ நன்றாக இருந்தது ஐயா. ஆம்பூரில் இப்படி இஞ்சி தட்டிப் போடுகிறவர்கள் கம்மி.

பவர் பத்திரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கேத்தரின் அக்கா வேலூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருடம் இடுப்பெலும்பு உடைந்து படுத்தபோது, அவளுக்குப் பதிலாக அவளுடைய வீட்டை விற்கவும் கையெழுத்துப் போடவும் தம்பியான எனக்குப் பவர் எழுதிப் பதிவு செய்து கொடுத்தாள். நான் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். என் தோஸ்த் சமீருல்லா அந்த இடத்தை வாங்கி ஷூ யூனிட் தொடங்குவதாகவும், அதில் நான் பங்குதாரர் என்றும் பேச்சு. இருபது வருடக் கனவு. சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அதற்குள் அக்காவுக்கு வாக்கர் பிடித்து நடக்க வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். "எலியாஸ், வீட்ட விக்க வேணாம், நான் இங்கியே இருந்துக்கறேன். திங்கக்கிழம ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் பவர கேன்சல் பண்ணிட்டு வர்றேன்."

பத்திர எழுத்தர் எனக்கு முன்பே விளக்கியிருந்தார். எழுதிக் கொடுத்தவர் வந்து ரத்து செய்தால் பவர் செல்லாது. அவர் இறந்துபோனாலும் செல்லாது. ஆக, அக்கா எழுந்திருக்கவும் கூடாது, சாகவும் கூடாது. புதன்கிழமை கிரயம், நடுவில் நாலே நாள். தோல் வெட்டுகிறவனுக்கு அளவு தெரியாதா? அவளுடைய தூக்க மாத்திரையையே தினமும் பாலில் கரைத்தேன்.

நர்ஸ் அல்லவா, முதல் நாள் முதல் வாயிலேயே முகம் சுளித்தாள். "கசக்குதுடா. இன்னா கலந்த?"

சத்து மாவு என்றேன். என்னை நம்பி முழுவதும் குடித்தாள். அந்தப் பாசத்தை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது.

கிரயத்துக்கு, அக்கா உயிரோடு இருப்பதாக டாக்டர் சான்று வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒருவரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். நாடி பிடித்துப் பார்த்தார், நன்றாகத் தூங்குகிறார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கத்தரிக்காய்த் தொக்கு ஜாஸ்தியாக வைத்துப் பிரியாணி கட்டிக் கொடுத்தேன்.

புதன் காலையில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை தெரிந்துவிடும், பதினோரு மணிக்குப் பதிவு. கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் அக்கா என்று கெஞ்சினேன். பதிவை முடித்து லட்டு டப்பாவோடு வீடு திரும்பியபோது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. அந்த நாலு நாளும் அக்கா உயிரோடு இருக்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் இந்த ஊரில் யாரும் இல்லை.