பக்க விரல்கள் இரண்டு

எனக்குக் கையெழுத்து அழகாக வரும். பல்கலைக்கழக விலங்கியல் காட்சியகத்தின் பெயர்ச்சீட்டுகள் அனைத்தையும் 1971 முதல் நானே எழுதிவருகிறேன். 'தோவத்தேரியம்' என்ற சீட்டு அவற்றுள் தலைசிறந்தது.

தென்னமெரிக்காவில் அழிந்துபோன குளம்பு விலங்கு அது. குதிரையைப்போல் ஒற்றை விரலால் நடந்தது. ஆயினும் குதிரைக்கு உறவன்று. நன்கொடையாக வந்த அதன் முன்னங்கால் எலும்புகள் எங்களிடம் இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் எவரும் விரல்களை எண்ணவில்லை. கிள்ளானிலிருந்து முதுகலை ஆய்வுக்கு வந்த குணபூசணி எண்ணினாள்.

"சீவரத்தினம் அங்கிள், நடுவிரலுக்கு ரெண்டு பக்கமும் குட்டி விரல் இருக்கு. இது டயடயஃபோரஸ். ஒரே குடும்பந்தான், ஆனா நீங்க வேற ஆளோட ஐசி கார்டை மாட்டி வச்சிருக்கீங்க லா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளது ஆய்வு முழுவதும் அவ்விரு விரல்களின்மீது நின்றது. சீட்டை மாற்றலாமா என்று கேட்டாள். யோசிக்கிறேன் என்றேன்.

மறுநாள் அவள் மதிய உணவுக்குச் சென்றபோது பக்க விரல்களை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுத்தேன். அவை பொருந்தியிருந்த மூட்டுத் தடங்களையும் அரத்தால் தேய்த்தேன். அரைகுறையாக எதையும் செய்வது என் இயல்பன்று. மாலையில் பிரிக்பீல்ட்ஸில் நஜ்முதீன் கடையில் எலும்பு சூப் குடித்து, அவ்விரு விரல்களையும் ஆட்டெலும்புகளோடு தட்டிலேயே விட்டு எழுந்தேன்.

"அண்ணே, இது நம்ம ஆடு மாதிரி இல்லையே. கல்லாட்டம் கனக்குது," என்றார் நஜ்முதீன்.

"வயசான ஆடு போல," என்றேன்.

இல்லாத விரல்களை வரைந்து ஏமாற்றியதாகக் குணபூசணியின்மீது விசாரணை வந்தது. என்னையும் அழைத்தார்கள். "அங்கிள், நீங்க பார்த்தீங்கல்ல?" என்று கேட்டாள். இந்தக் காலில் ஒரு விரல்தான் என்றேன். அந்நேரத்தில் அது முழு உண்மை. அவளை நீக்கிவிட்டார்கள். எனக்கும் வருத்தந்தான்.

நேற்று அதே விலங்கின் மற்றொரு முன்னங்கால் வந்திருக்கிறதாம். அதில் மூன்று விரல்கள் இருப்பதால்தான் விசாரணைக் குழுவினராகிய நீங்கள் என்னை மீண்டும் அழைத்திருக்கிறீர்கள். ஆம், அறுத்தவன் நானே. குணபூசணியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. புதிய காலை மட்டும் ஒரே ஒரு மதியம் என் மேசைக்கு அனுப்பிவையுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால்தானே அந்தப் பெண்ணுக்கும் குழப்பம் வராது.