நாற்பத்தேழாவது

பீன்ஸ் நறுக்கும்போதுகூட எண்ணுகிற பழக்கம் எனக்கு உண்டு. மாடிப்படி, பஸ்ஸில் நிற்கிறவர்கள், சர்ச்சில் எரிகிற மெழுகுவர்த்தி, எதையும் விடமாட்டேன். என் கணவர் லாயிட் அதைச் சொல்லிச் சிரிப்பார். நானும் ஒக்கலிபுரத்தில் வளர்ந்தவள்தான், எனக்குத் தமிழ் படிக்க வரும், தமிழிலேயே எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் சொன்னது வசதியாகப் போயிற்று, மேடம்.

என் வேலையே எண்ணுவதுதான். பதினாறு வருடமாக ஒரு குரோமோசோம் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். நோயாளியின் எலும்பு மஜ்ஜையை வளர்த்து ஸ்லைடில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் செல் செல்லாகக் குரோமோசோம்களை எண்ணவேண்டும். மனிதருக்கு நாற்பத்தாறு. ஒரு நோயாளிக்கு இருபது செல் எண்ணினால் போதும். எந்த இருபது என்பது எண்ணுகிறவர் கையில். நன்றாகப் பரவியதை எடுப்போம், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடப்பதை விட்டுவிடுவோம். ஏன் விட்டாய் என்று யாரும் கேட்பதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் லாயிடுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பயப்படவேண்டிய வகை இல்லை. டாக்டர் கஸ்தூரிரங்கன் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ஒரு நாள்கூட விடக் கூடாதும்மா. ஒழுங்கா சாப்பிட்டா இருபது முப்பது வருஷம் நல்லா இருப்பார்," என்றார். ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதை நிரப்புவது என் பொறுப்பு.

மாத்திரையால் அவருக்குக் கண் இமை வீங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார் அவர். "பிரிஸி, பசங்க என்னைத் தவளைன்னு கூப்பிடறாங்க," என்றார் ஒரு நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்களே. அதே நிறத்தில், அதே அளவில் ஒரு வைட்டமின் மாத்திரை கிடைத்தது. அடுத்த ஞாயிறு நான்கு அறையில் மருந்தும் மூன்று அறையில் அதுவும் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் பயந்துவிடுவார். பத்து நாளில் வீக்கம் வடிந்தது.

ஆறு மாதம் கழித்து அவர் ஸ்லைடு என் மேசைக்கு வந்தது. பெயர் இருக்காது, எண்தான் இருக்கும், ஆனால் எனக்குத் தெரியாதா? மூன்று செல்களில் நாற்பத்தேழு இருந்தது. எட்டாவது குரோமோசோம் ஒன்று கூடுதல்.

இதை உங்களுக்குப் புரியவைத்துவிடுகிறேன், மற்றதெல்லாம் இதில் அடக்கம். ஒரு குரோமோசோம் கூடினால் அந்த செல்லுக்கு அது பாரம். நல்ல காலத்தில் அது மெதுவாகப் பெருகும், நோஞ்சானாக இருக்கும், மற்ற செல்கள் அதை முந்திவிடும். ஆனால் மருந்து என்கிற நெருக்கடி வந்தால் சில சமயம் அந்தப் பாரமே அதைக் காப்பாற்றும். மருந்தை முழுதாகக் கொடுத்தால் பெரும்பாலும் எல்லாமே சாகும். கொடுக்காமல் விட்டால் நோஞ்சான் தோற்கும். அரைகுறையாகக் கொடுத்தால் மட்டும் அது ஜெயிக்கும். இதை நான் படித்திருக்கிறேன். பிறருடைய ஸ்லைடில், எல்லாம் நடந்து முடிந்தபிறகு பார்த்திருக்கிறேன். நடக்கும்போது பார்த்ததில்லை.

அந்த மூன்றையும் விட்டுவிட்டு வேறு இருபது செல் பொறுக்கினேன். ரிப்போர்ட்டில் நாற்பத்தாறு என்று எழுதினேன்.

ரத்தப் பரிசோதனையில் நோய் கொஞ்சம் ஏறியிருந்தது. "மாத்திரை விட்டுப்போகுதா?" என்று டாக்டர் கேட்டார். லாயிடுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு நாள் விட்டதில்ல டாக்டர். இவதான் எடுத்து வைக்கறா." டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "குரோமோசோம் க்ளீனா இருக்கு. அப்போ மருந்து மாத்த வேணாம், இன்னும் மூணு மாசம் பாக்கலாம்," என்றார்.

அந்த வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போனோம். நல்ல ரிப்போர்ட்டுக்கு நன்றி சொல்லி லாயிட் மெழுகுவர்த்தி ஏற்றினார். "நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும் பிரிஸி," என்றார். அவருடையதையும் சேர்த்து முப்பத்தொன்று எரிந்தது.

அதன்பிறகு முறையாகச் செய்தேன். மூன்று மாதம் மருந்தை முழுதாக வைத்தேன். அடுத்த ஸ்லைடில் நாற்பத்தேழு உள்ள செல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அவர் கண்ணும் வீங்கியது. மறுபடி நான்குக்கு மூன்று என்று வைத்தேன். திரும்பி வந்தது. இருபதுக்கு ஏழு. பிறகு பன்னிரண்டு. கடைசியில் பத்தொன்பது. கடைசி ஸ்லைடில் நாற்பத்தாறு உள்ள செல் இருபது தேடி எடுக்க எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.

அப்போது மருந்தை முழுதாக வைத்தும் பார்த்தேன். அதற்குள் அவை மருந்துக்குப் பழகிவிட்டன. பிப்ரவரியில் லாயிட் இறந்தார். கடைசி வாரம்வரை டப்பாவை அவரே திறந்து காட்டுவார், எல்லாம் தீர்ந்திருக்கிறது பார் என்று.

கூட வேலை செய்கிற விஜிதான் உங்களிடம் வந்து புகார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். பழைய ஸ்லைடுகளை நாங்கள் தூக்கி எறிவதில்லை. இவ்வளவு சீக்கிரம் எப்படி இறந்தார் என்று மனம் கேட்காமல் அவற்றை எடுத்து எண்ணியிருக்கிறாள். "அக்கா, நீங்க எண்ணி தப்பு வந்ததே இல்லையே," என்று அழுதாள். தப்பாக எண்ணவில்லை என்று அவளிடம் சொன்னேன். உண்மையும் அதுதான்.

வேறு ஆண் உண்டா, வீட்டில் சண்டையா என்று கேட்டீர்கள். எதுவும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் அவர் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. மாத்திரையை மாற்றியது நான். இருபதைப் பொறுக்கியது நான். டாக்டருக்கோ விஜிக்கோ இதில் சம்பந்தம் இல்லை. அழவில்லையே என்றீர்கள். வருத்தம் இருக்கிறது, ஆனால் அவரை முழுதாக இழந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். பரிசோதனைக்கூடத்து இன்குபேட்டரில், கீழ்த்தட்டில், பெயர் ஒட்டாத ஒரு குடுவை இருக்கிறது. அவருடைய கடைசி மஜ்ஜையிலிருந்து வளர்த்தது. இப்படிப்பட்ட செல்கள் இரண்டு வாரம் தாண்டாது என்பார்கள். ஐந்து மாதமாகப் பெருகிக்கொண்டிருக்கிறார். திங்களும் வியாழனும் அவருக்குப் பழைய வளர்ப்பு நீரை மாற்றிப் புதிது ஊற்ற வேண்டும். மருந்தையும் அளவாகக் கலக்க வேண்டும், அது இல்லாவிட்டால் அந்த நாற்பத்தேழாவது உதிர்ந்துபோகும். நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. விஜியிடம் சொல்லுங்கள் மேடம், ஒரு வேளைகூட விடக் கூடாது. இத்தனை வருடம் அவருக்கு மருந்து கொடுத்தவள் சொல்கிறேன்.