கோழியிடம் விட்டு வந்த நாய்க்குட்டி

ஒரு கோழியை நம்பி நாய்க்குட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா? யோசித்து யோசித்துப் பார்த்தும் எனக்கு விடை தெரியவில்லை.

நேற்று இடஒதுக்கீட்டு மறியலில் எங்கள் பேருந்து தியாகதுருகத்துக்கு முன்பே நின்றுவிட்டது. முன் இருக்கையில், களை வெட்டிவிட்டுத் திரும்பும் இரண்டு பெண்கள். இளையவள் பதறினாள்.

"அய்யோ, நாய்க்குட்டிய கோழியாண்ட வுட்டுட்டு வந்தேனே!"

"இன்னாடி சொல்ற?" என்றாள் மற்றவள்.

"பகல்ல வூட்ல யாரும் இல்லியேக்கா. குஞ்சுங்களோட சேத்துக் கூடையப் போட்டுக் கவுத்துட்டேன்."

"கொத்தாதா?"

"மொத நாள் கொத்துச்சு. இப்ப றெக்கைக்குள்ள வச்சிக்கினு தூங்குது. சாயங்காலம் தொறந்து வுட்டா, குட்டியும் மண்ணக் கீறிப் புழு தேடுது."

"கொலைக்குதா, கொக்கரிக்குதா?"

பேருந்தே சிரித்தது.

"பருந்தப் பாத்தா கோழி அடியில பூந்துக்குதுக்கா!"

"அப்புறம் இன்னாத்துக்குப் பதறுற?"

"பால் வெக்கிற நேரமாச்சே. கோழி பாலுக்கு எங்க போவும்?"

சொல்லிக்கொண்டே இறங்கி, வரப்பில் ஓட்டமெடுத்தாள்.

என் மகளும் ஒரு குட்டியைத் தூக்கி வந்திருக்கிறாள். காலையில் கிளம்பினால் நாங்கள் எல்லோரும் மாலையில்தான் திரும்புவோம். எங்கள் வீட்டில் கோழிகூட இல்லை. குட்டி நாய் வளர்த்தவர்கள் யோசனை சொல்லி எழுதுங்களேன்.