ஆட்சேபணை இல்லாத கூட்டம்

மோரில் பெருங்காயத்தைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டால் வேறெந்த வாசனையும் தெரியாது. என் மனைவி புவனேஸ்வரி சொன்னது. அவளை இந்த வழக்கில் சேர்க்காதீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அவள் சமையலைப் பற்றித்தான் சொன்னாள்.

என் பெயர் ஆத்மநாதன். மின் திட்டங்களுக்கு அனுமதி வாங்கித் தரும் ஒற்றைச் சாளரப் பிரிவில் கண்காணிப்பாளர். சாளரம் ஒன்றுதான். அதற்குப் பின்னால் பதினோரு துறைகள். அன்னவாசல் பக்கம் செம்பூரணியில் வரவிருந்த சூரிய மின் நிலையத்தின் கோப்பு அத்தனை மேசைகளையும் சுற்றி வருவதற்குள் எனக்குப் பாதித் தலை வழுக்கையாகிவிட்டது. அங்கே காடு இல்லை என்று சான்று கேட்டால், எந்தக் காடு இல்லை என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

ஒருவழியாக எல்லாம் முடிந்து, ஊர்மக்களின் கருத்துக் கேட்புக் கூட்டம் மட்டும் பாக்கி. அப்போதுதான் மேலிடத்து உத்தரவு வந்தது: தாமதத்துக்குக் காரணமானவற்றைக் கண்டறிந்து நீக்கவும்.

கண்டறிந்தேன். மக்கள்தான்.

அவர்கள்மேல் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் பேசுகிறார்கள். இதற்கு முன் வேறோர் ஊரில் ஒருவர் மைக்கைப் பிடித்து மின்கோபுரத்தில் ஆரம்பித்துத் தன் மாமனார் வீட்டுப் பாகப்பிரிவினைவரை போனார். அந்தத் திட்டம் இன்னும் நிற்கிறது.

பேதி மாத்திரையைச் சோதித்துப் பார்க்காமல் பொதுமக்களுக்குக் கொடுப்பது பொறுப்பற்ற செயல். அதனால் விடைபெற வந்த மைத்துனர் வசந்தகுமாருக்கு முதலில் மாத்திரை கலந்த மோர் ஒரு டம்ளர் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் வேலை செய்தது. அன்று சாயங்காலம் அவர் சிங்கப்பூர் போக வேண்டியிருந்தது. பிறகு வேறொரு விமானத்தில் போனார்.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில். சித்திரை வெயில். ஊரே வந்திருந்தது. நானே நின்று மோர் கொடுத்து உபசரித்தேன். நாகராசு என்ற பெரியவர் மூன்று டம்ளர் வாங்கிக் குடித்தார்.

"கவருமெண்டு கூட்டத்துல இம்புட்டு மரியாதையை நான் பாத்ததே இல்ல தம்பி" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

தலைமை தாங்கிய அதிகாரிக்கு இளநீர் வைத்திருந்தேன். அவர் திட்டத்தைப் படிக்க ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு வரிசையே எழுந்தது. ஊரிலிருந்த கழிப்பறைகள் போதவில்லை. மற்றவர்கள் கருவேலங்காட்டுப் பக்கம் ஓடினார்கள். "ஆட்சேபணை உண்டா?" என்று அதிகாரி கேட்டபோது நாற்காலிகள் மட்டுமே இருந்தன.

அப்போதுதான் அருணா வந்து சேர்ந்தார். அந்த ஊரில் தையல் கடை வைத்திருப்பவர். கடையைப் பூட்டிவிட்டு வரத் தாமதமாம்.

"எல்லாரும் எங்கிட்டுங்க ஓடுறாங்க?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்காம்மா?" என்றார் அதிகாரி.

"ஆட்சேபணையா? ஊரே கூடிப் பேசி, சம்மதம்னு சொல்லத்தான சார் வந்தோம். கரண்டு டவரை மட்டும் கெணத்தை விட்டுப் பத்தடி அங்கிட்டுத் தள்ளி நட்டாப் போதும். வேற ஒண்ணும் இல்லைங்க."

இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்வதற்காகத்தான் கூட்டம் என்று நீங்கள் சொல்லலாம்.

முப்பது பேருக்கு மேல் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாகராசு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நீங்க குடிக்கல தம்பி" என்றார். பெருந்தன்மையான மனிதர்.

கூட்டம் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். கோப்பு முதல் மேசைக்கே திரும்பிவிட்டது. இனி இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு உணவுப் பாதுகாப்புச் சான்றும் வேண்டுமாம். ஆக, பன்னிரண்டு துறைகள்.

ஆமாம் மேடம், நான்தான் கலந்தேன். நாற்பது அட்டை மாத்திரை, என் கையாலேயே. கீழே உள்ளவர்கள்மேல் பழியைப் போடும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் இவ்வளவு சீக்கிரம் முடிந்த கருத்துக் கேட்புக் கூட்டம் வேறு கிடையாது. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்; பதவி உயர்வுப் பட்டியல் இந்த மாதம் வருகிறது.