எருமைக்கு விட்ட வழி

மாலை ஐந்தே முக்கால்… நடுச்சாமம் அல்ல. பேய்க்கு நடுச்சாமத்தில்தான் ட்யூட்டி என்று எவன் சொன்னது? மழை அப்போதுதான் விட்டிருந்தது. மும்பை செம்பூரில் மெயின் ரோட்டை விட்டுப் பிரிந்து போகும் ஒரு ரோடு. ஒரு பக்கம் கம்பெனிக் காம்பவுண்டுச் சுவர், மறு பக்கம் பழைய பங்களாக்கள். திரும்பும்போது சவாரி கிடைக்காது என்று ஆட்டோக்காரன்கூட உள்ளே வர மாட்டான். அந்த ரோட்டின் கடைசி பங்களாவுக்குப் பின்னால் ஓர் ஆள் தனியாகக் குந்தி உட்கார்ந்து ஈரச் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் என்னோடு வேலை பார்க்கிற கணேசபாண்டியனின் அத்தான்தான். தளவாய். தாராவியில் கொத்தனார். வலது கை ஆள்காட்டி விரலில் பாதியை டைல்ஸ் கட்டர் தின்றுவிட்டது. மீதிப் பாதியில் பேனாவை இடுக்கிக்கொண்டு நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றார். கையெழுத்து என்று யார் கேட்டாலும் மனிதருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். வினை அங்கேதான் இருந்தது.

அந்த பங்களா ஒரு மியூசியம். யாரோ பணக்காரர் வாங்கிக் குவித்த படங்களும் சிலைகளும். வாசலில் ஏழு படி. படி ஏற முடியாதவர்களுக்கு வழி எங்கே என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததாம். ஆபீசர் வந்து பார்ப்பாராம். அதனால் பின்கதவுக்குச் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி ஒரு சரிவு கட்டச் சொன்னார்கள். வேலைக்காரன் காலில் சிமெண்டு இருக்கும் என்று தளவாயை உள்ளே விட்டதில்லை. குடிக்கத் தண்ணீர்கூட ஜன்னல் வழியாகத்தான் வரும். கூட்டித் துடைக்கிற ராபியா கொடுப்பாள்.

பின்கதவு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தது. ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், ஆக இருபத்துநாலு. கிடைத்ததோ ஒன்பது. பத்தாவது அடியில் ஓர் எருமை நின்றது. வெண்கல எருமை.

“மேடம், இந்த எருமய ஒரு ஓரமா நவட்டுனாப் போதும். இல்லன்னா இது ராம்ப் இல்ல, சறுக்குப் பலகை” என்றார் தளவாய்.

மேடம் பெயர் பானுமதி. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். மியூசியத்தை நடத்துகிறவர். “எருமை எருமைன்னு சொல்லாதீங்கோ. அது ஆர்ட். அது அங்கதான் நிக்கணும்னு ஆர்ட்டிஸ்டே தீர்மானம் பண்ணினது. ஒம்பது அடியில முடிச்சுக் குடுங்கோ. நெஜமா யார் ஏறப் போறா?”

ஏறுவதற்கு, வேலை முடிந்த அன்று மாலையே ஆள் வந்தது.

க்ரீச்… டக். க்ரீச்… டக். ஒரு சக்கரம் சுற்றுக்கு ஒரு முறை எதிலோ தட்டுகிற சத்தம். தளவாய் நிமிர்ந்து பார்த்தார். கிளிப்பச்சைத் துப்பட்டா போட்ட ஒரு பெண், முப்பது வயது இருக்கும், சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு எருமைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மடியில் ஒரு ரோஸ் கலர் டிக்கெட். ரோடெல்லாம் சேறு… சக்கரத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. அதை அப்போது அவர் கவனிக்கவில்லை.

“வழி ஆயிருச்சா, அண்ணே?”

“ஆச்சும்மா. ஈரம் காயல. நாளைக்கு வாங்க.”

அவள் கதவைப் பார்த்தாள். வெளிப்பக்கம் தாழ்ப்பாளில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது.

“சாவி?”

“மேடம்ட்ட இருக்கும்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தெரிந்த பதிலை மறுபடி கேட்டவள் மாதிரி. தளவாய் சாக்கை நனைத்து எடுத்துவரக் குழாயடிக்குப் போனார். இரண்டு நிமிடம்தான். திரும்பி வந்தால் ஆள் இல்லை. தேய்த்து முடித்த சிமெண்டின் மேல் இரண்டு கோடு… சக்கரத் தடம். கீழேயிருந்து நேராக மேலே, கதவின் அடிவரைக்கும். இறங்கின தடம் இல்லை. பூட்டு அப்படியே தொங்கியது. ஈரச் சிமெண்டு வாடைக்கு மேலே வேறொரு வாடை. வயர் பொசுங்கினால் வருமே, அது.

தளவாய் கரண்டியை எடுத்துத் தடத்தை மூடித் தேய்த்தார், சாக்கைப் போர்த்தினார், ஸ்டேஷன் வரை ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். அன்று தாராவி நெரிசலில் நாலு பேர் தோள் இடித்தபோதுதான் அவருக்கு மூச்சே வந்ததாம்.

மறுநாள் காலையில் ஜன்னலில் சொம்பு நீட்டிய ராபியாவிடம் கேட்டார். “பச்சத் துப்பட்டா போட்ட பிள்ளை ஒண்ணு… சேர்ல வருமே, யாரு தாயி?”

ராபியா உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

“ரெண்டு மழைக்காலத்துக்கு முந்தி, அண்ணாச்சி. ரெண்டு வாட்ச்மேனும் சேரோட தூக்கி ஏழு படி ஏத்தி உள்ள விட்டானுவ. மூடுற நேரம், ஐஞ்சே முக்கா. வயரு பத்திப் பொக. எல்லாரும் வாசப் பக்கம் ஓடிட்டாவ. மேடம் வாட்ச்மேனுவளக் கூப்பிட்டாவ… எருமையத் தூக்கச் சொல்லி. அப்ப அது உள்ளதான நின்னுச்சு! இன்னும் ரெண்டு பேரச் சேத்துக்கிட்டு நாலு பேராத் தூக்கிச் சுத்திக் கொண்டாந்து இங்க வச்சானுவ.”

“அந்தப் பிள்ளை?”

“உள்பக்கம் இந்தக் கதவுக்கு மேல பச்ச லைட்டு இருக்கு. ஓடுற மனுசன் படம். அதப் பாத்து வந்திருக்கு. வெளிய பூட்டு. தட்டுன சத்தம் கேட்டுச்சாம், அண்ணாச்சி. எருமைய ஒரசல் விழாம எறக்கி வச்சிட்டுத் தொறக்கலாம்னு நெனச்சானுவளாம்.”

பேப்பரில் என்ன வந்தது என்று கேட்காதீர்கள். நெஞ்சு வலியில் சாவு என்று வந்தது.

தளவாய் நேராக மேடத்திடம் போனார். வாசல் படிக்குக் கீழே நின்றே சொன்னார். “மேடம், அந்தப் பூட்ட எடுத்திருங்க. பூட்டுன கதவுக்கு எதுக்கு வழி?”

“திருட்டுப் போனா நீங்களா பதில் சொல்லுவேள்? ஆபீசர் வர நேரம். வம்பு, லஃப்டா ஒண்ணும் பண்ணாதீங்கோ.”

ஆபீசர் நாலரைக்கு வர வேண்டியவர் ஐந்தரைக்கு வந்தார். நல்ல தொப்பை. காரை விட்டு இறங்கி மூன்று தப்படி நடந்ததற்கே கைக்குட்டை எடுத்தார். சரிவை அளக்க ரசமட்டம் இல்லை, டேப் இல்லை. கட்டினவர் கையெழுத்துப் போட ஒரு காகிதம் இருந்தது. சரிவு சட்டப்படி கட்டப்பட்டது, பார்வையாளர் நேரத்தில் கதவு திறந்தே இருக்கும் என்று அதில் இருந்தது. மேடம் அதை வாசித்துக் காட்டினார். தளவாய்க்கு எல்லாமே புரிந்தது. புரியாமல் போட்டேன் என்று அவர் இன்றைக்கும் சொல்வதில்லை.

“ஃபுல்லா கையெழுத்தே போட்டுடுவார் எங்க மேஸ்திரி!” என்றார் மேடம் ஆபீசரிடம். நாய்க்குட்டி கை கொடுக்கும் என்று சொல்கிற குரல்.

அந்தக் குரல் காதில் விழுந்த பிறகும் தளவாயின் நெஞ்சு நிமிர்ந்ததே, அதை என்ன சொல்ல? பாதி விரலில் பேனாவை இடுக்கி, தமிழில், கொம்பு சுழி பிசகாமல் போட்டார்.

“ஒரு ஃபோட்டோ வேணுமே. சேர்ல யாராவது உக்காரணும்” என்றார் ஆபீசர். யாராவது என்றால் யார்? ஸ்டோர் ரூமிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தார்கள்.

க்ரீச்… டக். க்ரீச்… டக்.

தளவாய்க்கு உட்காரக் கால் மடங்கவில்லை. அமுக்கி உட்கார வைத்தார்கள். வாட்ச்மேன் மூச்சு வாங்க வாங்கச் சரிவில் தள்ளினான், அவ்வளவு செங்குத்து. உச்சியில், கதவுக்கு முகம் பார்த்து நிறுத்தி பிரேக்கைப் போட்டான். ஃபோட்டோ ஆயிற்று. உள்ளே சாண்ட்விச் ஆறுகிறது என்று எல்லோரும் முன்வாசலுக்குப் போய்விட்டார்கள். உச்சியில் உட்கார்ந்தவரை இறக்க வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

தளவாய் அசையவில்லை. அசைந்தால் நாற்காலி பின்னால் உருளும். அவர் கட்டின சரிவு… அவருக்குத் தெரியாதா? கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார். பூட்டைத் தேடிப் பார்த்தார்.

பூட்டு இல்லை.

தாழ்ப்பாளும் இல்லை. கதவு இருந்தது… அதற்கு மேலே பச்சை விளக்கு. அதில் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருந்தான்.

முதலில் வாடை வந்தது. அப்புறம் புகை, முழங்கால் உயரத்தில், இடுப்பு உயரத்தில்… முதுகுக்குப் பின்னால் கனத்த காலடிகள். “சம்பால்கே… பாத்து, பாத்து… கொம்பு, கொம்பு இடிக்கும்!” யாரோ நாலு பேர் முக்கிக்கொண்டு போகிறார்கள். தளவாய் கத்தினார். காலடி நிற்கவில்லை. கதவில் அறைந்தார். இரும்புச் சட்டி மாதிரிச் சுட்டது. இரண்டு கையாலும் அறைந்தார். கதவுக்கு அந்தப் பக்கம், வெளியே, கனமான எதையோ மெதுவாக… ரொம்ப மெதுவாக… தரையில் இறக்கி வைக்கிற சத்தம்.

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். கோபமே இல்லாத குரல்.

“கதவு தெறந்திருக்கும்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே, அண்ணே?”

“அண்ணாச்சி! அண்ணாச்சி!” ராபியா தோளைப் பிடித்து உலுக்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரே கதவு, கதவில் பித்தளைப் பூட்டு. உள்ளே இன்னும் சாண்ட்விச் தின்று முடிக்கவில்லை. தளவாயின் இரண்டு உள்ளங்கையும் கரி. மணி ஐந்தே முக்கால்.

மறுநாள் சுத்தியலோடு போனார், பூட்டை உடைக்க. கேட்டிலேயே நிறுத்தி, காம் கலாஸ், வேலை முடிஞ்சது, போ என்று துரத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ரேஷன் கடையில்கூடக் கட்டை விரலைத்தான் நீட்டுகிறார். அவர் போட்ட அந்தக் காகிதத்தை மட்டும் கண்ணாடி போட்டு மியூசியத்தின் முன்ஹாலில் மாட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் மாட்டியிருக்கிறார்கள். ராபியா சொன்னது இது. ஆபீசர் வந்துபோன மறுநாள் அந்தப் பின்கதவின் உள்பக்கத்தில் கரிக் கைத்தடங்கள் பூத்திருந்தன, உட்கார்ந்த ஆளின் உயரத்தில். மேடம் இரண்டு முறை பெயிண்ட் அடிக்கச் சொன்னார். பெயிண்டுக்கு மேலே வந்தன. மூன்றாம் முறை மேடம் பெயிண்டரைக் கூப்பிடவில்லை. தச்சனைக் கூப்பிட்டார். கதவைச் சுற்றிச் சட்டம், மேலே ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு அட்டை: பெயரில்லை. மரத்தின் மேல் கரி. தொடாதீர்கள்.

பார்க்க வருகிறவர்கள் தலையைச் சாய்த்து நின்று, ஆகா என்று ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கதவே ஆர்ட் ஆகிவிட்டதால் இனிமேல் அதைத் திறக்கவே கூடாதாம். பூட்டு இப்போது இரண்டு.

ஒரு நாள் ராபியா தூசி தட்டப் போனவள் கிட்டத்தில் நின்று பார்த்தாளாம். எல்லாம் சின்னக் கை, பெண் கை. நடுவில் ஒரே ஒரு சோடி மட்டும் பெரிய கை… அகலமான கொத்தனார் கை. அதில் வலது கையின் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது.

தளவாய் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.